பூஜைக்கு வைத்த பெட்டி

அத்தியாயம் ஆறு

மதிப்புக்குரிய வாசகர்களுக்கு வணக்கம். எழுத்துத் துறையில் முன் அனுபவம் ஏதுமில்லாத நான், கடந்த ஐந்து வாரங்களாக உங்கள் பொறுமையைச் சோதித்து வருகிறேன். இவ்வாரம் அதனினும் மேலாக, தொலைபேசிக் கோபுரங்களைப் பற்றியும் அவற்றினூடாகப் பயணிக்கும் தரவுகளைப் பற்றியும் எழுதத் துணிந்துள்ளேன். அத்துறையை அறிந்தவர்கள் என் பிழைகளைப் பொறுத்தருள வேண்டும். அறியாதவர்கள் அலுப்புக் கொள்ளாதிருக்க வேண்டும். இரு சாராரிடமும் முன்கூட்டியே மன்னிப்பைக் கோரிக்கொண்டு, இராமையாவின் குடும்பத்திடம் திரும்புகிறேன்.

மடுல்கெல்லைக்கு அப்பால், மலைச்சரிவின் மடிப்பொன்றில் ஒதுங்கியிருக்கும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான அந்த லயத்துக்கு இணையம் வந்த கதையைச் சென்ற வாரம் கண்டோம். லயத்து இளைஞர்கள் கூட்டாகப் பணம் சேர்த்து, இணைய இணைப்பைத் தரும் ஒரு பெட்டியை வாங்கினார்கள். திகனவில் ஹலீம் என்பவரின் தொலைபேசிக் கடையில் வேலை பார்க்கும் மோகனராஜ், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவின் கூரையில் அலைவாங்கியைப் பொருத்தி, அந்தப் பெட்டியையும் இயக்கிக் கொடுத்தான். அந்தப் பெட்டியை எல்லோரையும்விட ஆவலோடு எதிர்பார்த்திருந்தவள் அவனது தங்கை சுகிர்தா. தொலைத்தொடர்பில் டிப்ளோமா முடித்திருந்த அவளுக்கு, கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சை இணையவழியில் வெள்ளிக்கிழமை நடைபெறவிருந்தது.

அன்று புதன்கிழமை. ஆயுத பூஜை.

வேலைகள் ஓய்ந்திருந்த அந்த நண்பகலில், சுகிர்தாவின் தொலைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து சேர்ந்தது. தேர்வுக்குழுவின் தலைவி வெளிநாடு செல்வதால், நேர்முகப் பரீட்சை இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு முன்னகர்த்தப்படுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்.

சுகிர்தா பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினாள். பெட்டி இருந்த பலகை வெறுமையாக இருந்தது. சுவரில் செருகியின் வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

எதிரே இருந்த மாரியம்மன் கோயிலில் அந்தப் பெட்டி இருந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகள், மண்வெட்டிகள், மருந்தடிக்கும் டாங்கிகள், தையல் மெசின் ஆகியவற்றுக்கு நடுவே, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, செவ்வந்தி மாலையோடு அது வீற்றிருந்தது. மாலையைப் போட்டவர் அவளது தந்தை இராமையா. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவர். அந்தக் கோயிலின் தலைவரும் அவரே.

"அப்பா, பெட்டிய ஏன்ப்பா கழட்டுனீங்க?"

இராமையாவின் முகம் பூரித்திருந்தது. "ஒனக்காகத்தான் புள்ள. வெள்ளிக்கிழம அதுல தான பேசப்போற? ஒரு நாள் அம்மன் காலடியில இருக்கட்டும்னு நானே தூக்கிட்டு வந்தேன். பாரு, நடுவுல வச்சிருக்கேன்."

"இன்னைக்கு ரெண்டு மணிக்கே பேசணுமாம்ப்பா."

அவர் புரிந்துகொள்ளச் சற்று நேரமெடுத்தது. புரிந்ததும், கையிலிருந்த விபூதித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, மகளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்தக் கோயிலின் வழமையை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். பூஜைக்கு வைத்த கருவியை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எவரும் எடுக்கலாகாது. கருவிகளுக்கும் வருடத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது அதன் பொருள். அந்த வழமையை இராமையாவைப் போல இறுக்கமாகக் கடைப்பிடித்த தலைவர் எவரும் முன்பு இருந்ததில்லை.

"என்ன தலைவரே, யோசிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டபடி வந்தார் ராஜலிங்கம். லயத்தில் முச்சக்கரவண்டி வைத்திருப்பவர் அவர் ஒருவரே. அந்த வண்டியும் கோயில் வாசலில் வாழைக்கன்றும் மாலையுமாக நின்றுகொண்டிருந்தது.

விடயத்தைக் கேட்டறிந்த ராஜலிங்கம் சிரித்தார். "அது சரி. போன வருஷம் எங்க மச்சானுக்குப் பொண்ணு பாக்கப் போகணும், ஓட்டோவ எடுக்கவான்னு கேட்டேன். என்ன சொன்னீங்க? பூஜையில இருக்கிறது எந்திரிக்காதுன்னீங்க. நாலு பேரும் மழையில நடந்தே போனோம். பொண்ணு வீட்டுல எங்க வேட்டியில இருந்த சேத்தப் பாத்துட்டு, ஆளுக்கொரு கிளாஸ் தண்ணி குடுத்து அனுப்பிட்டாங்க."

"அது வேற, ராஜலிங்கம்."

"எப்பிடி வேற? என் ஓட்டோவுக்கு ஒரு சட்டம், ஒங்க மக பொட்டிக்கு ஒரு சட்டமா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, ஓட்டோவ எடுத்து பாப்பாவ டவுனுக்கே கொண்டு போய் விடுறேன். சொல்லுங்க பாப்பம்."

கூடியிருந்தவர்கள் இராமையாவின் வாயைப் பார்த்தார்கள். அவர் குனிந்து விபூதித் தட்டைக் கையிலெடுத்தார்.

வேறு வழிகளும் அடைபட்டிருந்தன. தோட்டத்து பஸ் காலையில் போனால் மாலையில்தான் திரும்பும். அலைவரிசை நன்றாகக் கிடைக்கும் மலையுச்சியில் ஏற்கனவே இடி முழங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மொட்டைப் பாறையில் தொலைபேசியோடு நிற்பது அறிவுடையோர் செய்யும் செயலன்று.

சுகிர்தா தன் அண்ணனை அழைத்தாள்.

"அண்ணே, லயத்துல பழைய நெட்வேர்க் மட்டுந்தான் இருக்கு. போன் மேல 'ஈ'ன்னு இங்கிலீசு எழுத்து காட்டுதே, அது. அதுல பேச ஏலுமா?"

திகனக் கடையில் நின்ற மோகனராஜ் தலையைச் சொறிந்துகொண்டான். "வீடியோ சரிவராது. வீடியோவ நிப்பாட்டிட்டு குரல் மட்டும்னா, லைன் காலியா இருந்தாப் போகும். ஆனா இன்னைக்குப் பூஜையாச்சே, லயமே போன்ல தொங்கிக்கிட்டு இருக்குமே?"

"ஆமா. அதான் யோசிக்கிறேன்."

"நான் இங்கயிருந்து கொம்பனிக்கு மெயில் போடுறேன், மழையால படம் வராது, குரல் மட்டுந்தான்னு. நீ பயப்புடாத."

"அண்ணே, இன்னொண்ணு. இனிமே எனக்குக் கோல் எடுக்காதீங்க. ஒங்க கோலும் அந்த எடத்தத்தான் பிடிக்கும்."

"சரி தங்கச்சி. நல்லா செய்," என்று மட்டும் சொல்லி மோகனராஜ் தொடர்பைத் துண்டித்தான்.

சுகிர்தா கோயில் வாசலுக்குத் திரும்பி வந்து, பலர் முன்னிலையில் பேசிப் பழக்கமில்லாதவளாகத் தாவணியின் நுனியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். நம்ம பக்கம் பாக்கிற கோபுரத்துல எடம் கொஞ்சந்தான். நான் பேசுறத போன் சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி அனுப்பும். ஒவ்வொரு பொட்டலத்துலயும் எங்க போகணும்னு எழுதியிருக்கும். அங்க போய்ச் சேந்ததும் வரிசையா அடுக்கி, பேச்சா மாத்திக்குவாங்க. ரோட்டுல எடம் இருந்தா எல்லார் பொட்டலமும் மாறி மாறிப் போகும்."

"எடம் இல்லாட்டி?" என்று கேட்டாள் பிரேமிளா. அவள் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பராமரிப்பவள்.

"நம்ம தோட்டத்து ரோட்ட நெனச்சிக்குங்க அக்கா. தொரையோட ஜீப் வந்தா கொழுந்து லொறி என்ன செய்யும்?"

"ஓரமா ஒதுங்கி நிக்கும்."

"அதே மாதிரித்தான். ஒருத்தர் சாதாரணமா கோல் எடுத்தா, அது தொரை ஜீப். என் பொட்டலம் எல்லாம் ஒதுங்கி நிக்கணும். ரொம்ப நேரம் நின்னா தொலஞ்சே போயிரும். ஒரு மணித்தியாலம் மட்டும் யாரும் கோல் எடுக்காம, படம் பாக்காம இருந்தீங்கன்னா..."

"இன்னைக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. "கட்டார்ல இருந்து எம் மகன் கூப்புடுற நாளு!"

"கிரிக்கெட் மெட்ச் ஸ்கோர் வேற பாக்கணும்," என்றது இன்னொரு குரல்.

அப்போதுதான் இராமையா வாய் திறந்தார்.

"கவ்வாத்துக் கத்திக்கு ஓய்வு குடுத்தோம். மம்பட்டிக்குக் குடுத்தோம். ராஜலிங்கத்தோட ஓட்டோவுக்குக் குடுத்தோம். நாம ராப்பகலா வச்சு ஆட்டுற கருவி எது? அதுக்கு மட்டும் இன்னைக்கு ஓய்வில்லையா?"

சட்டைப் பையிலிருந்து தம் தொலைபேசியை எடுத்தார். அதற்குச் சந்தனம் இட்டார். மகளின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக்குக் காலையில மறுபூஜைக்கு அப்புறந்தான் எடுப்பேன். யாரையும் கட்டாயப்படுத்தல."

ராஜலிங்கம் கண்ணைச் சுருக்கினார். "அப்ப பாப்பா கையில இருக்கிறது என்ன, அப்பளமா?"

சிரிப்பொலி எழுந்தது. இராமையாவும் சிரித்துவிட்டார்.

"வச்சாத்தான் எந்திரிக்கக் கூடாது. வைக்காததுக்குச் சட்டம் கெடையாது. போன வருஷம் நீ ஓட்டோவ மாலை போட்டு வச்ச அப்புறந்தான் கேட்ட. வைக்கிறதுக்கு முன்ன கேட்டிருந்தா, நான் யாரு தடுக்க?"

"இத அப்பவே சொல்லியிருந்தா எம் மச்சான் இன்னைக்குப் புள்ளகுட்டிக்காரன்," என்று முணுமுணுத்தபடி ராஜலிங்கம் தம் இடுப்பைத் தடவினார். தொலைபேசியை வெளியே எடுத்து, உற்றுப் பார்த்து, அம்மனுக்கு முன்னால் வைத்தார். "நாளைக்கு ஓட்டோ ஹயர் கேட்டு யாராச்சும் எடுத்தா, அம்மனே பேசிக்கட்டும்."

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பிரேமிளா, மாத்தளையிலுள்ள தன் தங்கைக்கு இன்றோ நாளையோ பிரசவம் என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். கட்டார் மகனின் தாய் மூன்று முறை எடுத்து மூன்று முறை வைத்தார். தட்டுகள் போதாமல் வாழையிலை விரிக்கப்பட்டது.

சுகிர்தா பிள்ளைக்காம்பராவின் ஜன்னலோரக் கதிரையில் அமர்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கோயிலில் நிற்கும் தந்தையின் முகம் தெரியும். இரண்டு மணிக்கு, கொழும்பிலிருந்து மூவர் அவளோடு பேசத் தொடங்கினார்கள்.

முதலாவது கேள்வி தரவுப் பொதிகளைப் பற்றியது. சற்று முன்னர் லயத்துக்கு விளக்கியதையே ஆங்கிலத்தில், துரையின் ஜீப்பை மட்டும் விட்டுவிட்டு, தெளிவாகச் சொன்னாள். அவளது குரல் தடையின்றிச் சென்றது.

இதே வேளையில் திகனவில் நடந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

"என்ன மோகன், கஸ்டமர்ட போனக் கையில வச்சிட்டு செவத்தப் பாக்கிறீங்க?" என்று கேட்டார் கடை உரிமையாளர் ஹலீம்.

"தங்கச்சி இப்ப பேசிக்கிட்டு இருப்பா, பொஸ்."

"அல்லாஹ் லேசாக்கி வெப்பான். உங்கட அம்மாக்குச் சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன். அப்பவே சொல்லிட்டேன். அம்மா அழுதே புட்டாங்க."

அவனது தாய் ரத்தினம்மா கண்டி நகரில் ஒரு விடுதியில் சமையல் வேலை செய்பவர். வாரக் கடைசியில் மட்டுமே வீடு வருபவர். பூஜைக்கு வர விடுமுறை கிடைக்கவில்லை.

"மாஷா அல்லாஹ். மகளுக்காக துஆ, பிரார்த்தனை செய்யச் சொல்லி வீட்டுக்கு ஒரு கோல் எடுத்திருப்பாவே," என்றார் ஹலீம்.

மோகனராஜின் கை அப்படியே நின்றது. தங்கை அவனிடம் சொன்னதை அவன் தாயிடம் சொல்லவில்லை. உடனே தாயின் எண்ணை அழுத்தினான். அவர் வேறோர் அழைப்பில் இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் அறிவித்தது.

மீண்டும் அழுத்தினான். மீண்டும் அதே குரல்.

கோயிலில் இராமையாவின் தொலைபேசி ஒலித்தது.

சந்தனத்துக்கு நடுவே திரை ஒளிர்ந்தது. ரத்தினம்மாவின் படம் தெரிந்தது. மகளைத் தொந்தரவு செய்யலாகாது என்று எண்ணி, கணவர் மூலமாக வாழ்த்துச் சொல்லவே அந்த அம்மையார் அழைத்தார்.

அந்த ஒலியைத் தொடர்ந்துதான் எல்லோருக்கும் ஒன்று உறைத்தது. தொலைபேசிகளைப் பூஜைக்கு வைத்தார்களே தவிர, எவரும் அணைக்கவில்லை. வாழையிலையின் மேல் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. கொழும்பிலிருந்தும் திருச்சியிலிருந்தும் குவைத்திலிருந்தும் ஆயுத பூஜை வாழ்த்துப் படங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. டிங், டிங் என்று அம்மனுக்கு முன்னால் ஒரே ஆரவாரம்.

ஜன்னலில் சுகிர்தாவின் முகம் மாறிற்று. இரண்டாவது கேள்விக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு மட்டுமே கிடைத்துத் தரவு கிடைக்காத கிராமமொன்றிலிருந்து முறைப்பாடு வந்தால் முதலில் எதைப் பரிசீலிப்பீர்கள் என்பதே அக்கேள்வி. அதற்கான பதிலை அவளைவிட அறிந்தவர் அக்கணத்தில் இலங்கையில் எவரும் இருந்திருக்க முடியாது. ஆயினும் அவளது சொற்கள் நடுவழியில் ஒதுங்கி நின்றன. "கேட்கிறதா? கேட்கிறதா?" என்று அவள் உதடுகள் அசைவதை இராமையா கண்டார்.

அவர் கை தானாக முன்னே நீண்டது. பின்னர் நின்றது.

"தலைவரே," என்றார் ராஜலிங்கம். இம்முறை அவர் குரலில் கேலி இல்லை. "கட் பண்ணுங்க."

"பூஜையில இருக்குப்பா."

"தெரியுது. அடிச்சிக்கிட்டும் இருக்குல்ல?"

ஒலி நின்றது. உடனே மீண்டும் ஆரம்பித்தது. ரத்தினம்மா எளிதில் மனந்தளரும் இயல்பினர் அல்லர்.

இராமையா கண்களை மூடித் திறந்தார். மண்டியிட்டு அமர்ந்தார். தம் தொலைபேசியை எடுக்காமல், வைத்த இடத்திலேயே வைத்தபடி, அதன் ஓரப் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்தார். திரை இருண்டது.

"இடத்த விட்டு எடுக்கல," என்று அம்மனைப் பார்த்துச் சொன்னார். "ஓய்வு குடுக்கிறேன்னு வச்சிட்டு, ஒறங்க வைக்க மறந்துட்டோம் தாயே. அது எங்க குத்தம்."

பக்கத்துத் தொலைபேசிக்கு நகர்ந்தார். அதன் பொத்தானைத் தேடினார். அது அகப்படவில்லை.

"நகருங்க. அது என்னோடது. பொத்தான் ஒடஞ்சு போய் ஆறு மாசமாச்சு," என்று ராஜலிங்கம் அவருக்கருகே மண்டியிட்டார். தீக்குச்சியால் எதையோ குத்தினார். பிரேமிளா குனிந்தாள். கட்டார் மகனின் தாய், எப்படி அணைப்பதென்று தெரியாமல், தொலைபேசியின் மேல் தம் முந்தானையைப் போட்டு மூடினார். அதைப் பிரேமிளா அணைத்துக் கொடுத்தாள். அம்மனுக்கு முன்னால் லயமே மண்டியிட்டிருந்தது. அப்படியொரு வணக்கத்தை அந்தக் கோயில் அதற்கு முன் கண்டிருக்காது.

ஆரவாரம் அடங்கியது. மழை பெய்யும் ஓசை கேட்டது.

ஜன்னலில் சுகிர்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொடர்பு மீண்டிருந்தது. இடையில் குரல் அறுந்ததற்கு மன்னிப்புக் கோரி, தன் பதிலை மறுபடியும் சொல்லலாமா என்று பணிவோடு கேட்டாள்.

"தேவையில்லை," என்றார் தேர்வுக்குழுவின் தலைவி.

அந்த ஒற்றைச் சொல்லில் இருந்தது திருப்தியா, கைவிடலா என்பது அவளுக்கு விளங்கவில்லை. படமில்லாத குரலில் முகத்தைத் தேட முடியாதல்லவா? மூன்றாவது கேள்வியைக் கேட்டார்கள். சொன்னாள். பின்னர், கேள்வியாகத் தோன்றாத ஒன்றையும் கேட்டார்கள்: வேலை கிடைத்தால் கண்டியிலுள்ள கிளையில் சேருவதற்குச் சம்மதமா? அவள் மிக வேகமாக ஆம் என்றாள். கொழும்பில் எவரோ சிரிப்பது கேட்டது. அது அன்பான சிரிப்பாகவே அவளுக்குத் தோன்றியது.

வெளியே வந்தவளை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னாச்சு பாப்பா?"

"அறிவிக்கிறோம்னு சொல்லிட்டாங்க."

"அறிவிக்கிறதுன்னா போன்லயா?" என்று ராஜலிங்கம் கேட்டார். "அப்ப ஒன்னோடத மட்டும் பூஜைக்கு வச்சிறாத."

இராமையா மகளின் தலையில் கை வைத்தார். அவரது விரல்களில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. "அம்மா கோவமா இருக்கும். ஒன் போன்ல ஒரு வார்த்த பேசிரு," என்றார். சுகிர்தா சிரித்துக்கொண்டே அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்த ரத்தினம்மா, "ஒங்கப்பா ஏன் கட் பண்ணுனாரு?" என்றுதான் ஆரம்பித்தார்.

அந்த நாளில் அந்த லயத்தார் இழந்தவற்றை மறைக்காமல் கூறிவிடுவது என் கடமையாகும். மறுநாளுக்கென ராஜலிங்கத்தை அழைத்த வாடகைப் பயணங்கள் போயின. எத்தனை என்று அவருக்கே தெரியாது. கட்டாரிலிருந்து அழைத்த மகனின் அழைப்பு போயிற்று. அடுத்த விடுமுறை வரை அவன் காத்திருக்க வேண்டும். மாத்தளையில் பிரேமிளாவின் தங்கைக்கு அன்று மாலையே பெண் குழந்தை பிறந்தது. அதன் முதல் அழுகையைத் தொலைபேசியில் கேட்கும் பேறு அவளுக்குக் கிட்டவில்லை. கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவரின் ஓட்டங்களை எவரும் அறியவில்லை. ரத்தினம்மாவின் வாழ்த்து உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. சுகிர்தா இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதிலில் பாதி தொலைந்தது. எந்தப் பாதி என்பது கொழும்பிலிருந்த அந்த மூவருக்கு மட்டுமே தெரியும்.